படி இல்லாத ஸ்டேஷன்

எங்கள் வீட்டுப் பெருமைகளில் முதலிடம் நிலத்துக்கும் இல்லை, மாடுகளுக்கும் இல்லை. "எங்க வூட்ல ஒருத்தரும் ஸ்டேஷன் படி மிதிச்சதில்ல" என்பதற்குத்தான். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா இதைச் சொல்லாத இடம் கிடையாது. கல்யாணப் பந்தியில் சொல்வார், உரக்கடையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப் பெயரோடு சேர்த்து இதையும் சொல்வார். தாத்தா மிதிக்கவில்லை, தாத்தாவுடைய அப்பா மிதிக்கவில்லை, வெள்ளைக்காரன் இருந்த காலத்திலேயே மிதிக்கவில்லை. சின்ன வயதில் நானும் இதைப் பெரிய பட்டம் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்தப் பட்டத்தைக் கெடுத்தவள் நான்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடத்தில் எங்கள் வகுப்புக்குக் கொடுத்த வேலை, ஒரு சிற்றூருக்கான போலீஸ் ஸ்டேஷன். முதலில் அவரவர் ஊர்ப் பக்கம் இருக்கிற ஸ்டேஷனுக்குப் போய், டேப் பிடித்து அளந்து, இருப்பதை இருக்கிறபடியே வரைய வேண்டும். பிறகு அதில் என்ன குறை என்று பார்த்து, புதிதாக ஒன்றை நாமே யோசித்து வரைய வேண்டும். எல்லாம் கைவேலைதான். பலகையில் தாளை ஒட்டி, பென்சிலில் போட்டு, அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து மசியில் இழுக்க வேண்டும். ஒரு கோடு தவறினால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும்.

மெட்ராஸ் பையன்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. தெருக்கோடியில் ஸ்டேஷன், சைக்கிளில் போய் அளந்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். என் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிப் பக்கம் போகிற வழியில் இருந்தது. எங்களுக்கு உரிய ஸ்டேஷன் எது என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பக்கத்து ஸ்டேஷன்கள் எல்லாம் அப்போது ஒரே மாதிரிதான் இருந்தன, ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டில் பூகம்பம். "கல்யாணம் ஆவப்போற பொண்ணு ஸ்டேஷனுக்குப் போனான்னா, இன்னா கேஸுன்னுதான் கேப்பாங்க. படிப்புக்குன்னு எவன் நம்புவான்?" என்றார் நைனா. வேறு ஏதாவது கட்டடத்தை அளந்துகொண்டு அதையே ஸ்டேஷன் என்று வாத்தியாரிடம் சொல்லிவிடலாமே என்பது அம்மாவின் யோசனை. கூட்டுறவு சொசைட்டி கட்டடம் புதிதாக வெள்ளையடித்து லட்சணமாக இருக்கிறதாம். மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரோட்டிலிருந்து ஆள் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள் அந்த ஸ்டேஷனை. முன்னால் அகலமான கருங்கல் படிகள். படிக்குக் கீழே, நல்ல வெயிலில், ஒரு பெண் குந்தியிருந்தாள். மடியில் அலுமினியத் தூக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. ஆனால் அந்த நிழலில் ஸ்டேஷன் சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்கள்.

ஸ்டேஷன் எழுத்து வேலையெல்லாம் பார்க்கிற ஏட்டை ரைட்டர் என்பார்கள். அவர் என் கல்லூரிக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அளந்துக்கோ. எதயும் கலைக்காத" என்றார். ஒரு கான்ஸ்டபிளை டேப் பிடிக்கச் சொன்னார். அந்த டேப்பின் நுனியில் பித்தளை வளையம் ஒன்று இருக்கும். ஒருவர் வளையத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டேப்பை இழுத்துக்கொண்டு போய் அந்தக் கோடியில் நின்று அளவைப் படிக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. கான்ஸ்டபிள் முன்னறையை அளக்கும்வரை பிடித்தார். பிறகு, "எனுக்கு வேற வேல இல்லியா?" என்று வளையத்தை மேஜைமேல் போட்டுவிட்டு நாஷ்டாவுக்குப் போய்விட்டார்.

நான் வெளியே வந்து பார்த்தேன். இருந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

"இத கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

மெட்ராஸில் பழகிய நாக்கு 'ங்க' போட்டுவிட்டது. ஊரில் என் நாக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்து அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"என்னியா? மேல ஏறக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"அளக்கறதுக்குத்தானே. நான் சொல்லிக்கிறேன், வாங்க."

தூக்கைக் கீழ்ப்படியின் ஓரத்தில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். படியின் நடுவில் ஏறவில்லை, பக்கச் சுவரை ஒட்டி ஓரமாகவே ஏறினாள்.

வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரு நீளமான நடை. அதன் இருட்டுக் கோடியில், பக்கவாட்டில் லாக்கப். வளையத்தை அவளிடம் கொடுத்து, கடைசிச் சுவர் வரைக்கும் போய்ப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வாசலில் நின்றேன். டேப் என் கையிலிருந்து ஓடிக்கொண்டே போனது, நின்றது. விறைப்பாக நிற்க வேண்டியது, தொய்ந்து தரையில் விழுந்தது. "இழுத்துப் புடிங்க" என்று குரல் கொடுத்தேன். அசையவில்லை. சரி, என்னதான் செய்கிறாள் என்று உள்ளே போய்ப் பார்த்தேன்.

வளையத்தை விடாமல் கையில் பிடித்துக்கொண்டு லாக்கப் கம்பிக்கு எதிரே நின்றிருந்தாள். உள்ளே தரையில் வெறும் டவுசரோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். சட்டையில்லை, வேட்டியில்லை. அவன் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என் வூட்டுக்காரரு" என்றாள். "நேத்துலேந்து கேக்கறேன். இங்க இல்ல, போன்னாங்க."

ஒரு கட்டடத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, முன்னால் படி கட்டி, அந்தப் படியில் ஏறாதே என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டால் போதும். இருக்கிற மனிதனை இல்லை என்று சொல்லிவிடலாம். கதவைச் சாத்தக்கூட வேண்டியதில்லை. ரோட்டு மட்டத்தில் குந்திப் பார்த்தால் உள்ளே ரைட்டர் மேஜையின் கால்கள்தான் தெரியும்.

நாஷ்டா முடித்து வந்த கான்ஸ்டபிள் வாசலிலேயே கத்த ஆரம்பித்தார். "ஏய், நீ எப்டி உள்ள வந்த? எறங்கு. கீழ குந்துன்னா கீழதான் குந்தணும்." என் பக்கம் திரும்பி, "இன்னாமா, படிச்ச பொண்ணு. கண்டவங்களயும் உள்ள இட்டுக்கினு வரயே" என்றார்.

"நீங்க புடிச்சிருந்தா நான் ஏன் அவங்கள கூப்புடறேன்? ஆளு இல்லன்னு சொன்னீங்களாமே, இவரு யாரு?"

பதில் ரைட்டரிடமிருந்து வந்தது. தலையை நிமிர்த்தாமல், "அளவெடுக்க வந்தியா, கேஸு பாக்க வந்தியா? லெட்டர்ல இன்னா போட்டுக்கீதோ அத மட்டும் பாரு" என்றார். அந்தப் பெண் வளையத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே ஓரமாக இறங்கிப் போனாள்.

மீதி அளவை எப்படியோ காலடி வைத்து எடுத்து முடித்தேன். கீழே வந்ததும் அவளே பேசினாள். "நீ பெரிய கெணத்து வூட்டுப் பாப்பாதானே?" நான் விழித்தேன். எங்கள் கழனிக்கு நாற்று நட வருகிறவளாம், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருளர் குடிசைகளில் இருப்பவளாம். என்னைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவள் முகம் தெரியவில்லை.

"உங்க மோட்டாரு ஒயரு காணோம்னுதான் இவர இட்டுக்கினு வந்தாங்க. அவரு எடுக்கல பாப்பா. உங்க நைனா ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்க."

கிணற்று மோட்டார் ஒயர் திருட்டுப் போன கதை நான் ஊருக்கு வந்த அன்றே காதில் விழுந்திருந்தது. அது ஒரு மனிதனை டவுசரோடு தரையில் உட்கார வைத்திருக்கிறது என்பதுதான் யாரும் சொல்லாத பகுதி.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நைனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எவன் பேரயும் சொல்லல" என்றார். "போலீஸ்காரரு வந்து கேட்டாரு. எனுக்கு யாரு மேலயும் சந்தேகம் இல்ல, வேணும்னா ஏரிக்கரப் பக்கம் கேட்டுப் பாருங்கன்னேன். அவ்ளோதான்."

"ஏரிக்கரப் பக்கம் கீறது அந்தக் குடிசைங்கதானே நைனா?"

"அதுக்கு நான் இன்னா பண்றது? இட்டுக்கினு போனது அவங்க."

"செரி, இப்ப வந்து எனுக்குச் சந்தேகம் இல்லன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு வா."

நைனா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. வயலை விற்றுவிடு என்று சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "நானா? ஸ்டேஷனுக்கா? பரம்பரையா படி மிதிக்காத வூடு இது. நீ போயி மிதிச்சிட்டு வந்ததே பேஜாரா கீது."

"நீ எதுக்கு மிதிக்கணும்? ஸ்டேஷனே சைக்கிள்ள ஏறிக்கினு நம்ம வூட்டுக்கு வந்து மோர் குடிச்சிட்டுப் போவுதே."

அம்மா உள்ளேயிருந்து, "வாய மூடுடி" என்றாள். நான் மூடவில்லை. இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்தப் பெருமையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் படி மிதிக்கவில்லை என்றால், நாங்கள் யோக்கியர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. எங்களுக்கு ஒன்று என்றால் படி இறங்கி அவர்கள் வருவார்கள் என்று அர்த்தம். மிதிக்காத குடும்பமாம். மிதிக்க வேண்டிய அவசியமே இல்லாத குடும்பம்.

கடைசியில் ஒன்று சொன்னேன். "நீ வரலன்னா நாளைக்கு நான் போறேன். மறுபடியும் படி ஏறி, எங்க நைனா சொல்லச் சொன்னாருன்னு சொல்றேன்." அது வேலை செய்தது. உள்ளே இருந்த மனிதனுக்காக இறங்காத நைனா, மகள் இன்னொரு முறை படி ஏறிவிடுவாளே என்பதற்காக இறங்கி வந்தார். பால்காரரிடம் சொல்லியனுப்பினார். சாயங்காலமே கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தார். அதே கான்ஸ்டபிள்தான். நாற்காலி போட்டோம். மோர் கொடுத்தோம். நைனா ஏதோ சொன்னார். "நீங்க சொன்னா செரிதாங்க" என்று கான்ஸ்டபிள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் விட்டுவிட்டார்கள். ஒரு டம்ளர் மோரில் உள்ளே போனவன் இன்னொரு டம்ளர் மோரில் வெளியே வந்தான். நடுவில் சட்டம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒயர் கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. நைனா புது ஒயர் வாங்கி மாட்டினார்.

அதோடு முடிந்திருந்தால்கூட என் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். வெளியே வந்த அன்றே புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், நைனாவுக்கு நன்றி சொல்ல. எங்கள் வீட்டு வாசலுக்கும் படி உண்டு. அதுவும் கருங்கல்தான். இருவரும் கீழே நின்றார்கள். அவன் ஒரு காலைச் சரியாக ஊன்றாமல், உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். நைனா மேல்படியில் நின்றுகொண்டு, "இனிமேலயாவது ஒழுங்கா இரு" என்று புத்தி சொன்னார். எதுவுமே செய்யாதவனுக்குப் புத்தி.

எனக்குத் தாங்கவில்லை. "மேல வந்து குந்துங்க" என்று அவளைக் கூப்பிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண்ணோ ஸ்டேஷனில் விழித்ததைவிட அதிகமாக விழித்தாள். அங்கே மேலே ஏறுவதற்கு வளையம் பிடிப்பது என்று ஒரு காரணமாவது இருந்தது.

"இருக்கட்டும் பாப்பா" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

கல்லூரிக்குத் திரும்பிப் போய் என் ஸ்டேஷனை வரைந்தேன். பிளானில் படி வரைவதற்கு ஒரு முறை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் சில கோடுகள் போட வேண்டும். அவற்றின் குறுக்கே ஓர் அம்பு, அம்பின் நுனியில் 'அப்' என்று எழுத வேண்டும், மேலே ஏறு என்று. அந்த அம்பை என் தாளில் போட என் கை வரவில்லை. படியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் தரை உயரமாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக ரோட்டிலிருந்தே முற்றத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு போய் வாசலோடு சேர்த்தேன். நடந்து வருகிறவர்களுக்கு ஏறுகிறோம் என்பதே தெரியாது. வேப்பமரத்தை முற்றத்தின் நடுவில் வைத்து, அதைச் சுற்றி உட்கார மேடை போட்டேன். லாக்கப்பைப் பின்கோடியிலிருந்து முன்பக்கம் கொண்டுவந்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் அதன் கம்பிக் கதவு நேராகத் தெரியும். இனி யாரும் யாரிடமும் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடம் வரைந்திருக்கிறேன். அவ்வளவு ஆத்திரத்தோடும் அவ்வளவு சுத்தமாகவும் வரைந்தது அது ஒன்றுதான்.

வரைந்ததை மதிப்பிட வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். அரசாங்கக் கட்டடங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். சட்டைப்பையில் சிவப்புப் பென்சில். என் தாளுக்கு முன்னால் வந்து நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"படி எங்கேம்மா? மறந்துட்டியா?"

"இல்ல சார். வேணும்னேதான் போடல. சரிவா வந்து சேருது."

"ரோடும் ஆபீசும் ஒண்ணாயிடுச்சே. கவர்மென்ட் கட்டடம்னா பார்த்ததும் ஒரு பயம், மரியாதை வர வேணாமா? இப்படி இருந்தா கண்டவங்களும் உள்ளே வந்துடுவாங்க."

கண்டவங்க. கான்ஸ்டபிள் வாயில் வந்த அதே சொல், கொஞ்சம் சென்னை மெருகோடு.

"கண்டவங்க வர்றதுக்குத்தானே சார் ஸ்டேஷன்? வரவே தேவையில்லாதவங்களுக்கு எதுக்கு அது?"

பின்னால் நின்றிருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. லாக்கப் வெளியே தெரிவதைக் காட்டி, "இது என்ன, மிருகக்காட்சி சாலையா?" என்று கேட்டார். ஆளை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிறார்கள் சார் என்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கதையெல்லாம் வேண்டாமாம், டிசைனைப் பற்றி மட்டும் பேச வேண்டுமாம். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, மசியில் இழுத்த என் முற்றத்தின்மேல் குறுக்கே நான்கு கோடுகள் கிழித்தார், அம்பு போட்டார், 'அப்' என்று எழுதினார். அதைச் செய்ய அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு என் விரிவுரையாளர் தனியாகக் கூப்பிட்டு, சுரண்டிவிட்டுப் படி போட்டுக் கொடுத்தால் பாஸ் போட்டுவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர்தான், எனக்கு உதவி செய்கிறதாகத்தான் நினைத்தார். நான் முடியாது என்றேன். பெயில் ஆனேன். அந்தப் பாடத்தை அடுத்த வருடம் ஜூனியர் பையன்களோடு உட்கார்ந்து மறுபடி செய்தேன். அப்போது சினிமா தியேட்டர் கொடுத்தார்கள். அதில் வேண்டிய மட்டும் படி போட்டேன். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது நைனா அந்தத் தாளைக் காட்டச் சொன்னார். கூடத்தில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தேன். குனிந்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர் சிவப்பில் நின்றார்.

"இது இன்னா?"

"படி. அவங்க போட்டது."

"நீ போடலியா? இது போடாததுக்கா ஒரு வருசம் போச்சி? நாலு கோடு. போட்டுக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே."

"யாருக்கு நைனா போடறது? உன்ன ஏறச் சொன்னா ஏற மாட்டேன்னுட்ட. அவ ஏறனா எறங்குன்றாங்க. அப்புறம் அந்தப் படி யாருக்கு?"

நைனா எழுந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டு மேல்படியில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவார். அன்றைக்கு உட்காரவில்லை. பெட்டியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு, படியைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள் அம்மா. நான் போய்க் கூப்பிடவில்லை.